கடைசித் தாள்

நானே குற்றவாளியாக இருந்த வழக்கை நானே துப்பறிந்து, வேறொருவருக்குத் தண்டனையும் வாங்கிக் கொடுத்த மடையன் நான். இது எனக்கே போன வாரம்தான் தெரிந்தது.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் முந்திரிப்பழம் வாங்கி, உப்புத் தொட்டுக் கடித்தேன். சாறு சட்டையில் வழிந்தது. தொண்டையைப் பிடிக்கும் அந்த வாசனையோடு, தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் இருந்த அரியலூர் வீடு வந்துவிட்டது.

அப்பா மாதாமாதம் துப்பறியும் நாவல் வாங்குவார். கடைசி அத்தியாயத்துக்கென்றே தனியாக ஒரு டீ போடச் சொல்வார். அவர் வேலைக்குப் போனதும், பத்தாவது படித்த அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே படிப்பாள்.

ஒரு நாள் டீ வந்துவிட்டது. கொலைகாரன் பெயர் இருந்த கடைசித் தாளைக் காணோம். பத்து வயது நான் வழக்கை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் கட்டையில் படிந்திருந்த சிமென்ட் தூசியில் அக்காவின் கைத்தடம்!

“இவதாம்ப்பா!” என்றேன்.

“பரீட்ச முடியிறவரைக்கும் நாவலத் தொடக் கூடாது” என்றார் அப்பா. அக்கா பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பார்த்ததும்தான், அன்று முந்திரிப்பழத்துக்கு உப்பு மடித்துச் சட்டைப்பையில் வைக்க, ஜன்னலோரம் கிடந்த ஏதோ புத்தகத்தில் ஒரு தாள் கிழித்தது நினைவு வந்தது. துவைத்தாலும் போகாத பழக்கறையைச் சட்டையின் நெஞ்சில் சுமந்துகொண்டு வீடெல்லாம் தடயம் தேடியிருக்கிறேன்.

பெரம்பலூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். “யக்கா, அந்தக் கடைசித் தாளக் கிழிச்சது நான்தான்.”

“தெரியும்டா, ஒஞ் சட்டையத் தொவச்சதே நான்தான்.”