குகையிலிருந்து புல்வெளிக்கு

பாடி மேம்பாலத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. சட்டைக் கையில் காய்ந்த ரத்தம், என்னுடையது அல்ல. லாரிகள் அம்பத்தூர் பக்கம் திரும்பின, நானும் அந்தப் பக்கமே திரும்பினேன். பட்டறையை விட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எங்கும் நிலைத்து நின்றதில்லை. ஆனால் அன்றைக்குப் பிரஸ் விழும் சத்தம் காதோடு கூடவே வந்தது.

தகடு வெட்டும் பிரஸ் அது. இரண்டு பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வேகம் வேண்டும் என்றால் ஒரு பொத்தானை சைக்கிள் டியூப் ரப்பர் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவோம். அப்போது இடது கை அழுத்தும், வலது கை தகட்டை உள்ளே வைத்து எடுக்கும். கட்டச் சொன்னது போர்மேன். கட்டாதவனின் பெட்டி மாலையில் பாதிதான் நிறைந்திருக்கும்.

பக்கத்து மெஷினில் இருந்தவன் திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவான். வேலைக்கு முன்னால் டீக்கடையில் போனை எடுத்து ஒரு சண்டை போடுவான். ஜந்துக்களைப் பிடித்து வளர்த்து ஒன்றோடொன்று மோதவிடும் பழைய விளையாட்டு. அவனுடைய ஜந்து ஓர் அடி அடிக்கும். பவர் ஜெம் என்று திரையில் எழுத்து வரும், உடம்பைச் சுற்றி நீலமும் சிவப்புமாக ரத்தினக் கற்கள் எழும்பும், ஒரு நொடி அப்படியே நிற்கும், பிறகு எதிரி மேல் பாயும். நாங்கள் அதைக் கல்லு என்போம்.

“இன்னா மாமே, இன்னிக்கி கட்டலாமா, அவுக்கலாமா?” என்று கேட்பேன்.

“இரு மச்சான், கல்லு சொல்லட்டும்.”

ஒரே அடியில் எதிரி விழுந்தால் அன்றைக்கு ரப்பரைக் கட்டுவான். விழாவிட்டால் அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் அழுத்தி மெதுவாக ஓட்டுவான். அவன் ஜந்து ஒரு குகைக்குள் சுற்றும், அங்கே எது வரும் என்று சொல்ல முடியாது. சில நாள் இரும்பு உடம்போடு ஒன்று வரும். கற்கள் அதன் மேல் பட்டுத் தெறிக்கும். அவன் டீயை மடமடவென்று குடித்துவிட்டு நேரே போய் ரப்பரை அவிழ்ப்பான்.

“மாமியார் ஊட்டு விருந்துக்கா வந்துகீற? கைய ஆட்டு நைனா” என்று போர்மேன் கத்துவார்.

“ரெண்டு கையும் சேந்துதாண்ணே வருது இன்னிக்கி” என்பான்.

பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பெட்டி நிறையாதவன் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று போர்மேன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். மறுநாள் டீக்கடையில் அவன் போன் திரை பச்சைப் புல்வெளியாக இருந்தது.

“குகை எங்க மாமே?”

“போரடிக்குது. புல்லுக்கு வந்துட்டேன்.”

“இங்க பறவ மட்டுந்தான வரும்? பறவ மேல கல்லு எப்பவுமே டபுளா ஏறும். நீ தோக்கவே மாட்டியே.”

“தோக்கறதுக்கா காலங்காத்தால எழுந்து வரேன்?”

டீ ஆற்றுகிறவர் சிரித்தார். நான், “அப்ப கல்லு ஒண்ணும் சொல்லல மாமே. நீதான் சொல்ற” என்றேன். அவன் முகம் மாறியது. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அதன் பிறகு தினமும் பறவை விழுந்தது. அவன் பொத்தானிலிருந்து ரப்பர் இறங்கவே இல்லை, எண்ணெய் ஏறிக் கறுத்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் மெஷினடியில் தகட்டுத் துணுக்குகளைக் கூட்டும்போது அவன் கையுறையின் விரல் நுனி கிடந்தது. கத்தியால் சீவியதுபோலச் சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. எடுத்துக் காட்டினேன்.

“கையுறதான மச்சான்” என்று சிரித்தான். ஆனால் கையை விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

நான் பட்டறையை விட்ட அன்றைக்குக் காலையிலும் பறவை விழுந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மெஷினிலிருந்து வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. தகட்டின் மேல் விழும் பிரஸ் கணீரென்று கேட்கும். இது மந்தமாகக் கேட்டது. வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன. துண்டால் சுற்றி, ஆட்டோவில் என் மேல் சாய்த்துக்கொண்டு போனேன். அவன் கத்தவில்லை. உதடு வெளுத்திருந்தது.

“மச்சான், கல்லு கரெக்டாதான அடிச்சுது?”

“கரெக்டாதான் அடிச்சுது” என்றேன்.

அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் என் பையை எடுக்கப் பட்டறைக்குத் திரும்பினேன். தரையைக் கழுவியிருந்தார்கள். போர்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“யாராச்சும் வந்து கேட்டா ரப்பரே இல்லன்னு சொல்லணும். போய் அவுத்துப் போடு.”

“கட்டச் சொன்னது நீங்கதானண்ணே. நீங்களே அவுருங்க.”

“அப்ப பையத் தூக்கிகினு கெளம்பு.”

“அதுக்குத்தான் வந்தேன்.”

அம்பத்தூர் போய்ச் சேர்ந்து ஸ்டேஷன் பெஞ்சில் படுத்தேன். காலையில் குழாயில் சட்டைக் கையைக் கசக்கினேன், கறை முழுதும் போகவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள் ஆள் தேவை என்று அட்டை தொங்கிய முதல் ஷெட்டில் ஏறினேன். என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். பிரஸ் என்றேன். எனக்கு வேறு எது தெரியும்? சூப்பர்வைசர் என்னை ஒரு மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வலது பக்கப் பொத்தானில் கறுத்த டியூப் துண்டு கட்டியிருந்தது. நான் அதை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

“ஏன் அவுக்கற? முன்னாடி இருந்தவன் கட்டிகினுதான் ஓட்டினான்.”

“அவரு எங்க?”

“இப்ப வர்றதில்ல” என்றார். என் சட்டைக் கையிலிருந்த கறையைப் பார்த்தார். “இன்னிக்கி ஒரு நாள் பாப்பேன். பெட்டி நெறையலன்னா நாளைக்கிக் கட்டணும்.”

முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. முதல் தகட்டை வைத்தேன். இரண்டு கையையும் இரண்டு பொத்தானில் வைத்து அழுத்தினேன். பிரஸ் இறங்கியது.