கமலா வெளியே போன நேரம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளியில் வாரம் இரண்டு நாள் முதல் பீரியடில் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு அமலோற்பவம் டீச்சரிடம் போவார்கள். மற்றவர்கள் நன்னெறிக்கு என்னிடம். என் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை நடக்கும். டீச்சர் பாடம் எடுப்பதே அப்படித்தான். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இரண்டு கட்சியாக மோத விடுவார். எனக்குப் பொறாமைதான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. சாகக் கிடக்கும் குழந்தைக்கு, ஃபாதர் வர நேரமில்லை என்றால், யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் சொல்லி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் என்று ஜெபித்தால் போதும். செய்ய மாட்டேன் என்று வீட்டாருக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தால்? திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கிறது, கொடுத்த வாக்கு தடுக்கிறது, எது பெரிது? டீச்சர் முடிவை மட்டும் சொல்லவே மாட்டார்.

அவர் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள் ஷைனி, கூட வேலை பார்த்த சிவசங்கரைக் கட்டிக்கொண்டாள். தியாகதுருகத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். சிவசங்கரின் அம்மா கமலா கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிறக்கிற பிள்ளைகளுக்குச் சர்ச்சில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அமலோற்பவம் டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

போன ஆடியில் ஷைனிக்கு ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மூன்றாம் நாள், இனித் தாங்காது என்று சொல்லி, பாட்டிகள் இருவரையும் உள்ளே விட்டார் டாக்டர். கொஞ்ச நேரம் நின்ற கமலா, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்தார்.

“நீங்க இருங்க சம்மந்தி. நான் சிவசங்கராண்ட இருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

டீச்சர் பாட்டிலைத் திறந்தார். மறுபடி மூடினார். ஆள் இல்லாத நேரம் பார்த்து வாக்கை மீறுவது திருட்டு என்று பட்டதாம். குழந்தையின் நெற்றியை வருடிக்கொண்டே நின்றார். கமலா திரும்பி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

இத்தனை படித்த மனுஷி, வெளியே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். ஆனால் அந்த இடத்தில் நின்றது நான் இல்லை. இதையெல்லாம் அவர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே சிவசங்கர் வீட்டு நிலத்தில் குழந்தையைப் புதைத்தார்கள். சொம்பில் பாலோடு வந்த கமலா, ஊற்றாமல் நின்று டீச்சரைப் பார்த்தார்.

“இன்னா பேர் வச்சீங்க சம்மந்தி? பேரைச் சொல்லி ஊத்தணும்.”

டீச்சருக்குப் புரியவில்லை.

“தண்ணி ஊத்தட்டும்னுதானே உங்கள தனியா வுட்டுட்டு வந்தேன். போற உசுருக்கு நான் இன்னாத்துக்குக் குறுக்க நிக்கணும்?”

பொய் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்தியவர், எஸ்தர் என்றார். கமலா அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு பாலை ஊற்றினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கமலாவே மருமகளிடம் சொன்னார்.

“உங்கம்மா எல்லாம் செஞ்சிதான் கொழந்தய அனுப்பினாங்க. எஸ்தர்னு பேரு.”

ஷைனி அழுதுகொண்டே அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.