ஒரு கோல்கீப்பரின் அப்பா

என் அப்பா அம்புரோஸ் துறைமுகத்தில் கை காட்டுகிறவர். கப்பலின் மேல்தளத்தில் பெரிய சதுர வாய் ஒன்று திறந்திருக்கும். சரக்கு அதற்குள் ஆழத்தில் கிடக்கும். அதைத் தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. அப்பா விளிம்பில் நின்று கீழேயும் பார்த்து, அவனையும் பார்த்து, கை காட்டுவார். விரலை நீட்டிச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. முஷ்டியை உயர்த்தினால் நில். முஷ்டி உயர்ந்த பிறகும் வின்ச்சு ஒரு சாண் ஓடினால் கீழே யாராவது ஒருவன் நசுங்கிப் போவான். அதனால் அந்த முஷ்டியைப் பார்த்தவுடன் கப்பலில் எல்லாரும் நிற்பார்கள்; ஏன் என்று அப்புறம்தான் கேட்பார்கள்.

காற்றில் ஆடும் மூட்டையைப் பார்த்தே அது எங்கே போய் இடிக்கும் என்று சொல்லிவிடுகிற மனிதர், என் விஷயத்தில் மட்டும் தவறிவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து விலகாத கடை குறைவு. அச்சுக்கூடத்தில் மை வாசனை பிடிக்கவில்லை. சைக்கிள் கடையில் உட்கார்ந்தே இருக்கச் சொன்னார்கள். "இதுக்குக் கால் ஒரு எடத்துல நிக்காது" என்று அம்மா சுகிர்தம் அலுத்துக்கொள்வாள். அப்பாவுக்கு அதுவே ஆட்டக்காரனின் அடையாளமாகத் தெரிந்தது.

ஒரு நாள் அம்மா பரணிலிருந்து ஊறுகாய் ஜாடியை இறக்கும்போது அது நழுவியது. நான் பிடித்தேன். உண்மையில் ஜாடி என் வயிற்றில் விழுந்தது. வலியில் நான் குனிந்தபோது கைகள் தாமாக அதைச் சுற்றிக்கொண்டன. அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தியா சுகிர்தம்? கோல்கீப்பருடி இவன்."

"ஒரு கொடம் தண்ணிய சிந்தாம கொண்டாரத் தெரில. கோல்கீப்பராம்" என்றாள் அம்மா.

அப்பா அதைக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்த கப்பல் சரக்குக் கம்பெனிக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. அணியில் இடம் கிடைத்தவனுக்குத் துறைமுகத்தில் நிலையான வேலையும் கிடைக்கும். அப்போதுதான் அவர்களுடைய கோல்கீப்பர் கல்யாணம் செய்துகொண்டு மீஞ்சூரில் மாமனார் கடையைப் பார்க்கப் போயிருந்தார். அணியைத் தேர்ந்தெடுப்பவர் வின்ச்சு மேஸ்திரி குணசேகரன். அப்பா என்னை அவரிடம் அழைத்துப் போய் நிறுத்தினார்.

"ஒசரம் கீது மேஸ்திரி. கை நீளம் கீது. பாரு, ஆடுசதைய அமுக்கிப் பாரு."

"மூளை கீதா?"

"கோலுல நிக்கறதுக்கு அது எதுக்கு மேஸ்திரி?"

குணசேகரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம திருவொற்றியூர் பேக்டரி ஆளுங்களோட ஆட்டம். நிக்கட்டும். நல்லா நின்னா வேல. இல்லாங்காட்டி நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார்.

அன்று மாலையே காசிமேட்டுக் கடற்கரையில் பயிற்சி தொடங்கியது. பந்தை உதைத்தவன் தமீம். எங்கள் தெருக்காரன், துறைமுகத்தில் வின்ச்சு ஓட்டுகிறவன், அணியில் என் முன்னால் நிற்கப்போகும் தடுப்பாட்டக்காரன். அப்பா அவன் பின்னால் நின்று தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் கற்றுக்கொடுத்தார். விரல் சுற்றினால் நான் குதிக்க வேண்டும். உள்ளங்கை தாழ்ந்தால் விழ வேண்டும். முஷ்டி உயர்ந்தால், போதும், நில்.

எனக்குப் பந்தைப் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்பாவின் கையைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. தமீமின் இடுப்புத் திரும்பும்போதே பந்து எங்கே வரும் என்று அவர் தெரிந்துகொண்டு கை காட்டிவிடுவார். நான் பொத்தென்று விழுவேன். பந்து வந்து என்மேல் படும். பார்க்கிறவர்களுக்கு நான் தடுத்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

தமீம் மட்டும் ஏமாறவில்லை. "மாமு, நீ பந்தப் பாக்கல. உங்க நைனா கையப் பாக்குற" என்றான்.

"பந்தவிட அது மெதுவா வருது."

"நல்லா கீதுடா நாயம். ஞாயித்துக்கெழம அவர வூட்ல கட்டிப் போட்டுட்டு வா."

ஆனால் அப்பாவின் மதிப்பீடு இரவுக்கு இரவு வளர்ந்தது. முதலில் நான் கம்பெனிக்கு ஏற்ற ஆள். பிறகு ராயபுரத்திலேயே சிறந்தவன். சனிக்கிழமை சாப்பிடும்போது, "மெட்ராஸ்ல இவனுக்கு மேல ஆளு இல்ல" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு மீன் துண்டு வாங்கிக்கொண்டேன். புகழ் பசியைக் கூட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மாதா கோயில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு மைதானத்துக்கு வந்தார். "அம்புரோஸ் அண்ணே, கையக் கட்டிகினு நில்லு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று தமீம் கெஞ்சினான். அப்பாவும் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். முதல் பாதியில் பந்து என் பக்கம் அதிகம் வரவில்லை. அதை என் திறமை என்றே நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் பேக்டரிக்காரர்கள் ஏறி வந்தார்கள். அப்பாவின் கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விரல் சுற்றியது, குதித்தேன். உள்ளங்கை தாழ்ந்தது, விழுந்தேன். கூட்டம் கை தட்டியது. நாற்காலியில் இருந்த குணசேகரன்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். அவர்களில் ஒரு நெட்டையன் ஓங்கி உதைத்தான். உள்ளங்கை தாழ, நான் விழ, பந்து என் முழங்கையில் பட்டுச் சற்றுத் தள்ளி உருண்டது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஆனால் அப்பாவால் சந்தோஷத்தைத் தாங்க முடியவில்லை. முஷ்டியை வானத்துக்கு உயர்த்தினார்.

நான் நின்றேன். பந்துக்கு ஓர் அடி தூரத்தில், உதைக்கத் தூக்கிய காலோடு, தமீம் நின்றான். எங்கள் அணியில் எல்லாரும் கப்பலில் வேலை செய்கிறவர்கள், எல்லாரும் நின்றார்கள். கோட்டுக்கு வெளியே பாதி எழுந்த குணசேகரன் பாதியிலேயே நின்றார்.

நெட்டையன் மெதுவாக நடந்து வந்தான். எங்களைச் சுற்றிப் பார்த்தான். "இன்னாபா, யார்னா செத்துட்டாங்களா?" என்று கேட்டான். பந்தைக் காலால் தள்ளிக் கோலுக்குள் விட்டான். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் அப்பா குணசேகரனிடம் ஓடினார். "தப்பு என்னுது மேஸ்திரி. பையன் மேல ஒண்ணும் இல்ல. இன்னொரு ஆட்டம் குடு."

"நீ சும்மா இரு" என்று குணசேகரன் என் பக்கம் திரும்பினார். "பந்து எங்க போச்சுன்னு பாத்தியாடா?"

"இல்லீங்க."

"பக்கத்துலதான கெடந்துச்சு?"

"நைனா நில்லுன்னாரு."

அவர் தாடையைத் தடவினார். "தமீமு நின்னான், ஆனா ஓரக்கண்ணால பந்தப் பாத்தான். நானும் பாத்தேன். இவன் கண்ணு உன் கையவிட்டு நகரவே இல்ல அம்புரோசு. இவன் கோலுக்கு ஆவமாட்டான். காலைல கப்பலுக்கு அனுப்பு, வின்ச்சாண்ட குந்தட்டும்."

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்பாவின் முகம்தான் விழுந்துவிட்டது. "வின்ச்சா? இவன் கோல்கீப்பரு மேஸ்திரி" என்றார்.

இப்போது சில மாதங்களாக நான் வின்ச்சில் இருக்கிறேன். விளிம்பில் அப்பா நிற்கிறார். அணிக்கு வேறு கோல்கீப்பர் வந்துவிட்டான். அப்பா ஆட்டம் பார்க்கப் போகும்போதெல்லாம் தமீம் அவரிடம் ஒரு குடையைக் கொடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறான்.

வீட்டில் என் மதிப்பு மளமளவென்று சரிந்தது. "தூக்குற எடத்துல அவசரப்படுற. கயிற ஆட வுடுற. இன்னிக்கி மூட்டைய இடிச்ச" என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே குறை சொல்வார். ஒரு நாள் அம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"மெட்ராஸ்லயே ஆளு இல்லன்னு கொண்டாடுனியே."

"அது எனக்குத் தெரியாத வேலடி. இது தெரிஞ்ச வேல" என்றார் அப்பா.

போன வாரம் பெரிய இயந்திரப் பெட்டி ஒன்றைக் கப்பலுக்குள் இறக்கினோம். கீழே ஆட்கள் நின்றார்கள். அப்பாவின் உள்ளங்கை மிக மெதுவாகத் தாழ்ந்தது. நானும் அப்படியே இறக்கினேன். முஷ்டி உயர்ந்தது, பெட்டி நின்றது. கீழே இருந்தவர்கள் அதை நகர்த்தி வைத்துக் கயிற்றைக் கழற்றினார்கள். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்தார்.

"சுமாரா பண்ண" என்றார்.

நான் பிடியை விட்டுவிட்டு முஷ்டியை வானத்துக்கு உயர்த்தினேன். நல்ல வேளை, வின்ச்சு நின்றிருந்தது.