யாரும் ஜெயிக்காத ஆட்டம்

எங்கள் வேலையிடத்தின் ஓய்வறையில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆளுயர மரப்பெட்டி, நடுவில் கண்ணாடித் திரை, இருவர் ஆட இரண்டு கைப்பிடிகள், பக்கத்தில் பொத்தான்கள். திரைக்குள் இரண்டு வீரர்கள் குத்தும் உதையுமாக மோதிக்கொள்ளும் அந்தக் காலத்துச் சண்டை கேம்தான். பாரிசுக்கு வெளியே, மருத்துவமனைத் துணிகளை வெளுத்து மடிக்கும் கூடம் எங்களுடையது. இங்குள்ளவர்கள் இந்தச் சண்டையைச் சத்தமே இல்லாமல் ஆடுகிறார்கள் என்பதுதான் எனக்கு விநோதம். காப்பிக் கோப்பையோடு ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்கிறார்கள். தோற்றவர் ஜெயித்தவரின் கையைக் குலுக்கி, 'பியேன் ஜுவே', நன்றாக ஆடினாய், என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறார். அந்த அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்தால் தோள் இறுகிவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் கடைத்தெருவில் அப்பாவுக்கு மளிகைக்கடை. அதை ஒட்டியிருந்த சின்ன அறையில், சித்தப்பா சென்னையிலிருந்து இப்படியொரு மெஷினை வாங்கி வந்து வைத்தார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று யாரும் சொல்லாமல் வீட்டில் இருந்த வருடம் அது. மதியத்தில் சித்தப்பா சாப்பிடப் போகும்போது நான் போய் உட்காருவேன். ஆள் இல்லாத நேரத்தில் ஆடிப் பார்த்தேன். கை தானாகப் பழகிவிட்டது. எதிராளி குதிக்கப் போகிறான் என்பது அவன் குதிப்பதற்கு முன்பே என் விரலுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் தெருப் பையன்கள் என்னிடம் தோற்பதற்கென்றே வந்தார்கள்.

வீராம்பட்டினத்திலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் செல்வம் என்பவரும் வருவார். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். கூடை காலியானதும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து நிற்பார். அதிகம் பேச மாட்டார். "ஆடலாமாம்மா?" என்பார். நான் தலையாட்டுவேன். எனக்குச் சரியான எதிராளி அவர் ஒருவர்தான். சில நாள் அவர் ஜெயிப்பார், சில நாள் நான். யார் ஜெயித்தாலும் கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பியும் கூட்டாளிகளும் கூடவே வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து அவர் என்னிடம் தோற்றார். எங்கள் தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். "இன்னாபா, வலையத் தவிர வேற எதுவும் புடிக்கத் தெரியாதா?" என்று ஒருத்தன் கேட்டான். செல்வம் சிரித்துக்கொண்டு நகர்ந்தார். தம்பி நகரவில்லை. தள்ளுமுள்ளாகி ஒரு சட்டை கிழிந்தது. போகும்போது தம்பி சித்தப்பாவிடம், "அடுத்த ஞாயித்துக்கெயம வரோம். எங்க அண்ணனும் அந்தப் பொண்ணும் திரும்ப ஆடட்டும். தோக்கற ஊருக்காரன் இந்த மிஷினு பக்கம் தல வச்சிப் படுக்கக் கூடாது" என்றான்.

வந்தார்கள். சைக்கிள் சைக்கிளாக வந்து தெருமுனையில் இறங்கினார்கள். எங்கள் தெருவும் காத்திருந்தது. சித்தப்பா ஷட்டரை இறக்கப் போனார். இரண்டு பக்கத்துக் கைகளும் அதைப் பிடித்துக்கொண்டன. "நீ வூட்டுக்குப் போ" என்று என்னிடம் சொன்னார். "அது போனா ஆட்டம் ஏது?" என்றான் எங்கள் தெருக்காரன் ஒருவன். அவன் வலது முஷ்டியில் சைக்கிள் செயின் சுற்றியிருந்தது. அந்தக் கூட்டத்தில் என்னைப் போல அங்கே நிற்க விருப்பமில்லாத முகம் இன்னொன்றும் இருந்தது. அது செல்வத்தின் முகம்.

மூன்று சுற்று. இரண்டு சுற்றை வென்றவருக்கு ஆட்டம். முதல் சுற்றை அவர் வென்றார். என் முதுகுக்குப் பின்னால் மூச்சுகள் நெருங்கின. இரண்டாவதை நான் வென்றேன். அவர் முதுகில் யாரோ ஓங்கித் தட்டியது கேட்டது. நான் ஜெயித்தால் அவர்கள் அடிக்கத் தொடங்குவார்கள். தோற்றால் எங்களவர்கள் தொடங்குவார்கள். மூன்றாவது சுற்று ஆரம்பித்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதடு அசையாமல் அவர் சொன்னார்:

"கைய எடுத்துடும்மா. நானும் எடுத்துடறேன்."

எனக்குப் புரிந்தது. அந்த மெஷினில் மூன்றாவது சுற்றில் யாரும் அடி வாங்காமல் நேரம் முடிந்துபோனால், இருவருக்குமே தோல்விதான். ஆனால் நான் கையை எடுத்த நொடியில் அவர் ஓர் உதை விட்டால்? நம்புவதற்கு அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பெயரும் ஊரும் மட்டும்தான். ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கையை எடுத்து லுங்கியில் துடைத்துவிட்டு மார்பில் கட்டிக்கொண்டார். இப்போது என் ஒரு விரல் போதும், நான் ஜெயித்துவிடலாம். "அடி, அடி" என்றார்கள் பின்னாலிருந்து. அந்த ஆசை எனக்கும் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. நான் கையை எடுத்தேன்.

திரையில் இரண்டு வீரர்களும் முஷ்டியை உயர்த்தியபடி, மூச்சு வாங்கிக்கொண்டு, சும்மா நின்றார்கள். மேலே நேரம் மட்டும் குறைந்துகொண்டிருந்தது. "மிஷினு நின்னுபோச்சா?" என்று ஒருவன் பெட்டியைத் தட்டினான். என் தோளுக்கு மேலாக ஒரு கை கைப்பிடியை நோக்கி நீண்டது. அதுவரை யாரையும் அதட்டிக்கூடப் பேசியிராத சித்தப்பா அந்தக் கையை இறுகப் பிடித்தார். விடவில்லை. நேரம் முடிந்தது. இரண்டு வீரர்களும் தலையைத் தொங்கப்போட்டார்கள்.

"யாருபா ஜெயிச்சது?"

"ரெண்டு பேரும் தோத்துட்டாங்க" என்றார் சித்தப்பா.

யாரை அடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவன் சிரித்துவிட்டான், எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரியாது. செயின்காரன் அதை முஷ்டியிலிருந்து கழற்றத் தொடங்கினான். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். அந்த வாரமே அப்பா மெஷினை விற்கச் சொன்னார். என்னைக் கடைப்பக்கம் விடவில்லை. அடுத்த வருடம், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி மாப்பிள்ளைக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள், இங்கே வந்தேன்.

ஓய்வறையில் இதையெல்லாம் ஃபிலிப் என்ற சக ஊழியரிடம் சொல்ல முயன்றேன். எனக்குப் பொத்தான்களைச் சொல்லிக்கொடுக்க வந்து, என்னிடம் தோற்றுப்போனவர் அவர். எங்கே கற்றாய் என்றார். தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார். "பெர்சோன்" என்றேன். ஒருவரும் இல்லை. "தோமாஜ்" என்றார், ரொம்பவும் வருத்தப்பட்டு. அடடா, பாவம் என்பது போன்ற சொல் அது. பாவமில்லை, யாரும் ஜெயிக்காததால்தான் எல்லாரும் கைகாலோடு வீடு போய்ச் சேர்ந்தோம் என்று சொல்ல வந்தேன். அத்தனை பெரிய வாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. மணி அடித்தது, துணி மடிக்கப் போனோம்.

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தப்பா செங்கழுநீர் அம்மன் தேருக்கு வீராம்பட்டினம் அழைத்துப் போனார். கூட்டத்தில் நரைத்த தலையோடு ஒருவரைக் காட்டி, "யாருன்னு தெரியுதா?" என்றார். செல்வம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெஷினு பொண்ணா?" என்றார். இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறாராம். இத்தனை வருடமாக உள்ளுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் கைய எடுப்பேன்னு எப்டிண்ணா நம்பினீங்க?"

"எங்க நம்பனேன்? எந்தம்பி இடுப்புல கத்தி சொருகி வச்சிருந்தான். எனக்கு மட்டுந்தான் தெரியும். நீ எடுக்கலன்னா ஆட்டத்துல என்னைய அடிச்சிட்டுப் போயிருப்ப. அடிதடி ஆவறதுக்குள்ள நான் அவன இட்டுகினு ஓடியிருப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னார், "நீ எடுத்தியே, அதான் இன்னிக்கும் அவன் புள்ளகுட்டியோட இருக்கறான்."

முப்பது பேர் நின்ற அந்த அறையில் என்ன நடந்திருக்கும் என்பது, இத்தனை காலம் கழித்து அந்த வெயிலில் நிற்கும்போதுதான் உடம்பில் உறைத்தது. தேர் வரும் சத்தம் கேட்டது. கிளம்ப வேண்டும் என்பதற்காக, "நாளைக்கு ஊருக்குப் போறேண்ணா, லீவு முடிஞ்சிபோச்சி" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? ஊருலதான நிக்கற" என்றார் அவர்.

வடம் பிடித்தவர்கள் நெருங்கிவிட்டார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து தெருவின் இரு பக்கமும் ஒதுங்கியது. வீட்டு வாசல்கள் ஒருபுறம், கடல் காற்று மறுபுறம். "ஓரமா போம்மா, தேர் வருது" என்று யாரோ என் முழங்கையைத் தொட்டார். எந்த ஓரம் என்று அவர் சொல்லவில்லை. வடம் என் காலருகே மணலை உரசிக்கொண்டு வரும்வரை, நான் நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன்.