பட்ஜெட்டில் வந்த கால்வாய்

நான் கவுன்சிலராக இருக்கும் நகராட்சியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புவார்கள். சென்னைக்கு மேற்கே இருக்கிறது, அது போதும்.

மாநில பட்ஜெட் வாசிக்கிற அன்று எங்கள் ஆபீசில் வேலை நடக்காது. தலைவர் அறையில் டி.வி. ஓடும், எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். பக்கோடா வரும். உரையில் நம் ஊர் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் போதும், வாசலில் சரவெடி வெடித்துவிடும். என்ன அறிவித்தார்கள், யாருக்கு அறிவித்தார்கள் என்பதையெல்லாம் அப்புறம்தான் விசாரிப்பார்கள். நன்றி பேனர் அதற்குள் அச்சுக்குப் போயிருக்கும்.

போன பட்ஜெட்டில் புறநகர்ப் பகுதிகளில் மழைநீர் கால்வாய்கள் அமைக்கப்படும் என்று ஒரு வரி வந்தது. சரவெடி வெடித்தது. மறுநாள் என் வார்டில் கால்வாய்க்காகத் தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் திரும்பிப் போய்விட்டது.

அது நாங்களே மன்றத்தில் தீர்மானம் போட்டு, எங்கள் நிதியில் தொடங்கிய வேலை. தெருமுனையில் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பொறியாளரிடம் போய்க் கேட்டேன்.

"கவர்மெண்டே போடப்போறாங்க மேடம். நாமளும் போட்டா ஆடிட்ல மாட்டிப்போம். கோட்டையிலேர்ந்து ஜி.ஓ. வரட்டும்."

"அந்த ஒரு வரியில எங்க தெரு இருக்கா சார்?"

"மானியக் கோரிக்கைல சொல்லுவாங்க."

துறையின் மானியக் கோரிக்கையும் வந்தது. சட்டமன்றத்தில் பேசியதை ஒரு வரி விடாமல் கேட்டேன். எங்கள் ஊரே அதில் இல்லை. போய்ச் சொன்னதற்கு, "இல்லைன்னும் சொல்லலையே மேடம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோட்டையில் ஒருவர் தும்மினால் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்கிற கூட்டம். கண்ணெதிரே இருக்கும் பள்ளம் மட்டும் தெரியாது.

அந்தத் தெருவில், பாடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் லேத் ஓட்டிய ஒருவர் இருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். முன்பெல்லாம் ஆட்டோ வாசல்வரை வரும், பள்ளம் தோண்டியபின் முனையிலேயே நின்றுவிடும். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பள்ளத்தின்மேல் போட்ட பலகை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிப்போனார்கள். மழை பெய்து பள்ளம் நிரம்பியதும் அவர்களும் தயங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"நேத்து தூக்க ஆள் கெடைக்கலக்கா. டயாலிசிஸ் போவல. மூச்சு வாங்கிகினு குந்திகினு கீறாரு. கால்வா ஒன்னும் வாணாம், அந்தப் பள்ளத்தயாவது மூடச் சொல்லுக்கா."

மூடுவதற்கும் ஜி.ஓ. கேட்பார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை, ஆய்வு என்று சொல்லிப் பொறியாளரைத் தெருவுக்கு வரவழைத்தேன். பளபளக்கிற ஷூ, கையில் ஃபைல். ஃபைலை நான் வாங்கிக்கொண்டேன்.

"முன்பக்கம் பிடிங்க சார். பின்பக்கத்துக்கு ஆள் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். தெருவே வாசலில் நின்றுகொண்டிருந்தது. குனிந்து பிடித்தார்.

பலகையின் நடுவில் பொறியாளர் நின்றுவிட்டார். "கொஞ்சம் இறக்கி வெச்சுக்கலாமா?" என்றார்.

நாற்காலியில் இருந்தவர்தான் பதில் சொன்னார். அவர் குரலில் கோபமே இல்லை. "எறக்க எடமேது சார். கீழ தண்ணிதான் கீது."

அக்கரை சேர்ந்ததும் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். குமணன்சாவடி நெரிசலுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று ஆட்டோக்காரர் அவசரப்பட்டார். ஆட்டோ கிளம்பியதும் பொறியாளர் ஃபைலுக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"நாளன்னிக்கும் இதே நேரந்தான் சார்" என்றேன். "ஜி.ஓ. வர்ற வரைக்கும் முன்பக்கம் நீங்கதான்."