தராசு நின்ற பிறகு

தராசின் முள் நடுவில் வந்து நின்ற பிறகு, பரிமளத்தின் வலது கை இன்னொரு தடவை சீனிச் சாக்குக்குள் போய் வரும். மூன்று விரலில் எடுத்த சீனி பைக்குள் பொலபொலவென்று உதிரும். கல்யாணமாகிப் பதுளை டவுனில் புருஷனின் பலசரக்குக் கடைக்கு வந்த நாளிலிருந்தே அவள் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சுகமா, பிள்ளைகள் எப்படி என்று கேட்பதற்குப் பதிலாகத்தான் அந்தச் சிட்டிகைச் சீனி. வாங்குகிறவர்களும் அது விழுந்த பிறகே பையை மடிப்பார்கள்.

மத்தியானம் கடை ஓய்ந்திருக்கையில், கூரையின் கண்ணாடி ஓடு வழியே விழும் வெயிலில் மாவுத் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாடிக்கைக்காரர்களில் பலர் மடுல்சீமை மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை. ஆனாலும் தன் சிட்டிகைகள் போகும் வழி தெரிவது போலிருக்கும். பஸ் ஏறும், குலுங்கும், மூடுபனிக்குள் நுழையும். ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டில், ஈர விறகுப் புகைக்கு நடுவே, யாருடைய பாலில்லாச் சாயத்தண்ணியிலோ கரையும். இத்தனை வருடத்துச் சீனியும் கரையாமல் கிடந்தால் அங்கே சின்னதாய் ஒரு வெள்ளை மலை நிற்கும். அதன் மேலும் பனி இறங்கும்.

சாமான் விலையெல்லாம் ஏறிய வருடத்தில், அவள் புருஷன் சுந்தரலிங்கம் பழைய தராசைத் தூக்கிவிட்டுக் கரண்டில் ஓடும் தராசை வைத்தார். முள் போய்ச் சிவப்பு எண்கள் வந்தன. எண் நின்றதும் கையும் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கெட்டவரில்லை. சாமான் லொறி புது விலையோடு வரும் நாட்களில் அவருக்குச் சோறு இறங்காது.

பரிமளத்துக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. யாரும் கேட்காததால் சொல்லவில்லை. விலை ஏறுவது பள்ளத்திலிருந்து பனி ஏறுவது போல, கை வைத்துத் தடுக்க முடியாது. கையை மூடிக்கொள்வது அப்படியில்லை, அது நாமே செய்வது. அப்படி நினைத்துக்கொண்டே கட்டுப்பட்டாள்.

தோட்டத்தில் சம்பளம் போட்ட மறு ஞாயிறு கருப்பம்மா வந்தாள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள், பல வருட வாடிக்கை. சீனியை நிறுத்துக் கொடுத்த பிறகும் பையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். பரிமளத்தின் கை சாக்கு வரை போய்த் திரும்பியது.

"முதலாளியம்மாவுக்குக் கை சுளுக்கா?"

தராசு சரியாகத்தானே காட்டுகிறது என்றார் சுந்தரலிங்கம்.

"காட்டுது முதலாளி. எங்க தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசும் சரியாத்தான் காட்டும். அப்புறம் சாக்குக்குன்னு கொஞ்சம், ஈரத்துக்குன்னு கொஞ்சம் கழிச்சிருவாங்க. நிறுத்த பெறகு கூடப் போடுறது இந்தக் கடையில மட்டுந்தான். அதுக்குத்தான் பஸ் ஏறி வர்றேன். சீனி எங்க பக்கத்துக் கடையிலயும் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பையை மடிக்கத் தொடங்கினாள். அது முழுதாக மடிந்துவிட்டால் மலைக்குப் போகிற வழியே மூடிக்கொள்ளும் என்று பரிமளத்துக்குத் தோன்றியது.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

தன் குரலே பனிக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போல அவளுக்குக் கேட்டது. மூன்று விரலில் சீனியை எடுத்துப் போட்டாள். சுந்தரலிங்கம் நிமிர்ந்தார்.

"இது என் தேத்தண்ணிச் சீனி," என்றாள், அவரைப் பார்க்காமல் சிவப்பு எண்களைப் பார்த்து. "இனிமே நான் சீனி இல்லாம குடிச்சிக்கிறேன்."

"ஒரு கோப்பைத் தேத்தண்ணிச் சீனி எத்தன பேருக்குக் காணும்?" என்றார் அவர்.

"நாலு தரம் குடிக்கிறேன்ல."

கருப்பம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரலிங்கம் அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

சீனி விலை இன்னும் இறங்கவில்லை. கரண்டுத் தராசும் அதே இடத்தில் இருக்கிறது. எண் நின்ற பிறகு பரிமளத்தின் கை சாக்குக்குள் போய் வருகிறது. அவள் தேத்தண்ணியை வெறுமனே குடிக்கிறாள். சுந்தரலிங்கம் சீனி போட்டுத்தான் குடிக்கிறார்.