கருப்பு வெள்ளையில் என் மனைவி

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி கருப்பு வெள்ளையாகிவிட்டாள்.

பதறாதீர்கள். பதற வேண்டியதை எல்லாம் நானே மொத்தமாகப் பதறி முடித்துவிட்டேன்.

வசந்தா இப்போது பிரான்ஸில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம். அப்பா வழியில் வசந்தாவுக்கு பிரெஞ்சு நாஷனாலிட்டி உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னிடம் இருப்பது புதுச்சேரி சாரத்து ரேஷன் கார்டும் லீவு தராத ஆபீஸும்தான். அவள் அங்கே பேரனைக் குளிப்பாட்டுகிறாள். நான் இங்கே பாலைக் காய்ச்சுகிறேன், பொங்கவிடுகிறேன், அடுப்பைத் துடைக்கிறேன்.

தனியாக விடப்பட்ட ஆண்பிள்ளை என்ன செய்வான்? சிலர் குடிப்பார்கள் – புதுச்சேரியில் அதற்கு வசதி அதிகம். நான் கம்ப்யூட்டர் கட்டினேன்.

ஹாலில் எப்போதோ செத்துப்போன வீடியோ டெக் ஒன்று டிவிக்குக் கீழே கிடந்தது. அதன் குடலை உருவிப் போட்டுவிட்டு, உள்ளே குட்டி மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் எல்லாவற்றையும் குடிவைத்தேன். டிவியோடு ஒயரை இணைத்தால் படம், பாட்டு, போட்டோ... எல்லாம் ரிமோட்டில். மாப்பிள்ளைதான் போனில் வழி சொன்னார்.

போர்டு வாங்கின கடையில் ஒரு விசாரணை நடந்தது.

"இவ்ளோ சின்ன போர்டு தாங்குமா சார்? வூட்ல எத்தினி பேரு பாப்பீங்க?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப தாராளம் சார்."

கடைக்காரர் அப்படிப் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்.

இத்தனை பாடும் ஒரு சிடிக்காக. பேரனை வீடியோ எடுத்து மகள் அனுப்பியிருந்தாள். முதன்முதலில் பார்ப்பது பெரிய டிவியில்தான் என்று சபதம் போட்டு, அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். கூடவே இன்னொரு தலைவலி – வசந்தாவின் ரிட்டர்ன் டிக்கெட். மூன்று மாதம் தள்ளிப்போடச் சொல்லி மகள் கெஞ்சுகிறாளாம். "நீங்க சொல்றதுதான்" என்று வசந்தா என் தலையில் கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக நானும் ஜம்பமாகச் சொல்லிவைத்திருந்தேன்.

ஞாயிறு காலை. குளித்து, கற்பூரம்கூட காட்டி, ஸ்விட்சைப் போட்டேன். புகை வரவில்லை! பெட்டி ஏதேதோ கேள்வி கேட்டது, பதில் சொன்னேன். சிடியைப் போட்டேன். படம் வந்தது. சத்தம் வந்தது.

கலர் வரவில்லை.

சாம்பல் நிறத்தில் வசந்தா. நெற்றியில் கன்னங்கரேலென்று பொட்டு. மடியில் இருந்த பேரனைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நம் வீடுகளில் கருப்பு வெள்ளையில் பெரிதாக யாரை மாட்டிவைப்போம்? சட்டமும் மாலையும்தான் பாக்கி!

கை தானாக போனுக்குப் போய்விட்டது.

"அலோ..." தூக்கம் கலையாத குரல்.

"வசந்தா, நீ நல்லா இருக்கியா?"

"என்னங்க, என்னாச்சு? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான்... கலர் இல்ல."

"என்னாது?"

"டிவில கருப்பு வெள்ளையா வர்ற."

அங்கே இன்னும் விடியவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதுக்கா பச்சப்புள்ள இருக்கிற வூட்ட எழுப்புனீங்க? இருங்க, மாப்ளையும் எழுந்துட்டாரு. அவருகிட்டயே பேசுங்க."

மாப்பிள்ளை தங்கமானவர். திட்டவில்லை.

"மாமா, டிவி செட்டிங்ல எந்த நாடுன்னு கேட்டிருக்குமே... என்ன போட்டீங்க?"

"பிரான்ஸ்."

"நீங்க சாரத்துல இல்ல இருக்கீங்க?"

"சும்மா... ஒரு கௌரவத்துக்கு."

அவர் சிரிப்பை அடக்கினது இங்கே கேட்டது. "இந்த ஊரு டிவிக்குக் கலர் அனுப்புற முறை வேற மாமா. நம்ம ஊரு டிவிக்கு அது புரியாது. இந்தியான்னு மாத்துங்க."

எனக்குத் தெரியாத விஷயமா இது? எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்து பென்ஷன்காரர்கள் வீட்டுக்கு, அங்கேயிருந்து கல்யாணக் கேசட் வரும். நம்மூர் டெக்கில் போட்டால் கருப்பு வெள்ளைதான். பெண்ணின் பட்டுப்புடவை என்ன கலர் என்று போன் போட்டுக் கேட்பார்கள். தெரிந்தே மாட்டிக்கொண்டேன்.

கௌரவம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னதும் பாதிதான் உண்மை. எந்த நாடு என்று பெட்டி கேட்டபோது, ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் வீட்டில் இருக்க வேண்டிய ஆட்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்களோ, அந்த நாட்டைத் தொட்டுவிட்டேன். வரிசையில் நிற்காமல் கிடைத்த நாஷனாலிட்டி!

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இந்தியா என்று மாற்றினேன். பொட்டு சிவந்தது. பேரன் ரோஜா நிறத்தில் கொட்டாவி விட்டான். கேமராவுக்குப் பின்னாலிருந்து மகள் குரல்: "அப்பாகிட்ட எதனா சொல்லும்மா."

டிவி வசந்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்றேன்.

"யாருகிட்ட பேசுறீங்க?" இது போன் வசந்தா. எப்போது போனை வாங்கினாளோ.

"உங்கிட்டதான்."

சட்டென்று அவள் குரல் இறங்கியது. "ஏங்க... டிக்கெட்ட என்னா பண்றது? வந்துடட்டா?"

வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பக்கம் பேரன் வீறிட்டான். "இதோ வந்துட்டேன்டா தங்கம்... இதோ, இதோ..." வசந்தாவிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டது.

"இருந்துட்டே வா" என்றேன். "எனக்கென்னா? இங்க தியேட்டரே நடக்குது."

"ரிமோட்ட புடுங்க ஆளில்லன்னு குஷி."

"பின்ன?"

எங்கள் வீட்டில் ரிமோட் எப்போதும் சோபாவில் அவள் உட்காரும் ஓரத்தில்தான் இருக்கும். சேனல் மாற்ற வேண்டுமென்றால் அவளிடம் மனு போட வேண்டும். இப்போது தியேட்டர் ஓனர், ஆபரேட்டர், ஆடியன்ஸ் எல்லாம் நானே.

இருந்தாலும் ரிமோட்டை அவள் ஓரத்திலேயே வைத்திருக்கிறேன் – எனக்கு எட்டாத தூரத்தில்.